கியர் பாக்ஸை இறக்கும் முன்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



'வாகனத் துறையின் எதிர்காலம்' பற்றிப் பேசச் சொன்னார்கள். எதிர்காலத்தைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். நான் மேலூரில் லாரிகளுக்கு நடுவே பிழைப்பவன். அதனால் கியர் விழாத ஒரு லாரியைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன்.

கீழவளவுப் பக்கமிருந்து கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரிசை கட்டிப் போன காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2012-இல் குவாரிகள் மூடப்பட்டன, அந்த ஓட்டம் நின்றது. ஆனாலும் நெல்லும் ஜல்லியும் செங்கலும் இன்றும் லாரியில்தான் போகின்றன. அந்த லாரி ரோட்டோரம் நின்றுவிட்டால், "கியர் விழல சார்" என்று டிரைவர் போன் போடுவார். பட்டறையில் சொல்வார்கள், "கிளட்ச் போயிருச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்." முதலாளி சொல்வார், "நீதான் பெடல் மேலயே காலை வச்சு எரிச்சுட்ட." செலவில் ஒரு பங்கு டிரைவரின் பேட்டாவில் பிடிக்கப்படும். ஆக, நாம் செய்யும் பரிசோதனை இயந்திரத்துக்கு மட்டுமல்ல. யார் தலையில் பழி விழவேண்டும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

இதில் முதல் குழப்பமே இங்கேதான். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் நழுவும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி ஏறாது, கருகிய வாடை வரும். கியர் விழாமல் இருப்பது நேர் எதிரான நோய். பெடலை மிதித்தும் பிளேட் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். பெடலில் கால் வைத்து ஓட்டும் பழக்கம் பெரும்பாலும் முதல் நோயைத்தான் தரும். இரண்டாவது நோய்க்கு டிரைவரின் காலைக் குற்றம் சொல்வது, வயிற்றுவலிக்காரனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது மாதிரி.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்பேனரே வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். (நிற்கும் வண்டியில் சில சமயம் பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்று முரண்டு பிடிக்கும், பெடலை ஒருமுறை விட்டு மிதித்தால் சரியாகும்.) அணைத்திருக்கும்போதும் கடினமாக இருந்தால் கோளாறு லீவரில், அதன் புஷ்களில், கேபிளில், அல்லது பெட்டிக்குள் இருக்கும் கவட்டையில். இன்ஜின் மவுண்டிங் உடைந்து பெட்டி இடம் மாறியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். அணைத்தால் வழவழவென்று விழுகிறது, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால், சந்தேகம் கிளட்ச் மீது.

அடுத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, பெடலை முழுக்க மிதித்து, நான்கைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பிளேட் விடுபட்டிருந்தால் உள்ளே ஷாப்ட் நின்றிருக்கும், கியர் சத்தமில்லாமல் விழும். கறகறவென்று கடித்தால் பிளேட் இன்னும் இழுக்கிறது. அப்போது பெடலை இரண்டு மூன்று தரம் வேகமாக அடித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். அடித்ததும் விழுந்தால், தொண்ணூறு சதவீதம் என்று நானே ஒரு கணக்குச் சொல்லமாட்டேன், ஆனால் நான் முதலில் பார்ப்பது மாஸ்டர் சிலிண்டரையும் லைனில் ஏறிய காற்றையும்தான்.

ஒரு ஜல்லி டிப்பர் வந்தது. நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில், பெயர் வேண்டாம், புதுப் பிளேட் போட்டு டிரைவர் கணக்கில் பாதிப் பணமும் பிடித்தாயிற்று. பத்தே நாளில் பழைய கதை. காலையில் விழும் கியர், வெயில் ஏறியதும் விழாது. வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. பெடலைச் சும்மா மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் கப் தேய்ந்து, எண்ணெய் உள்ளுக்குள்ளேயே பின்வாங்கிக் கொண்டிருந்தது. கப் செட் மாற்றி, புது பிரேக் ஆயில் ஊற்றி, காற்று எடுத்தோம், முடிந்தது. இறக்கிய கியர் பாக்ஸ் இறக்கியிருக்கவே வேண்டாம். முதலாளி டிரைவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாரா என்றால், பாதி கொடுத்தார்.

பிரேக் ஆயில் என்றதும் ஒன்று. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் குறித்த காலத்தில் மாற்றவேண்டும். அதற்குப் பதில் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். பெரிய வண்டிகளில் காற்றழுத்தத்தின் உதவியோடு கிளட்ச் வேலை செய்கிறது. பெடல் திடீரென்று கல்லாகிவிட்டால் முதலில் காற்று டேங்க் மீட்டரைப் பாருங்கள்.

எல்லா கியரும் கடித்தால்தான் கிளட்ச். ஒரே ஒரு கியர், உதாரணமாக மூன்றாவது மட்டும் கடித்தால், அந்த சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. அமெரிக்காவில் கேடிலாக் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதற்கு முந்தைய வகைப் பெட்டிகள் லாரிகளில் பல பத்தாண்டுகள் நீடித்தன; நம் பழைய டிரைவர்கள் டபுள் கிளட்ச் அடித்து, காதால் கேட்டு, கியர் மாற்றினார்கள். அந்த வித்தை இன்றும் பரிசோதனைக்கு உதவும். டபுள் கிளட்ச் போட்டால் கடிக்காமல் விழுகிறதா? குற்றவாளி சிங்க்ரோ. பெட்டிக்குள் எந்த ஆயில் என்றும் கேளுங்கள். ஜி.எல்-4 கேட்கும் பெட்டியில் ஜி.எல்-5 ஊற்றினால் பித்தளை வளையத்துக்கு ஆகாமல் போகலாம்.

சத்தமும் பேசும். பெடலை மிதிக்கும்போது வரும் சத்தம் ரிலீஸ் பேரிங். பெடலை விட்டால் வந்து, மிதித்தால் அடங்கும் சத்தம் பெட்டியின் முன் பேரிங்.

டிரைவர் எப்போதும் நல்லவர் என்று வாதாட வரவில்லை. பெட்டியை இறக்கியே ஆகவேண்டிய நாளில், ஃப்ளைவீல் நீலம் பாய்ந்து, பிளேட் கண்ணாடிபோல் மின்னினால், சூடேறும்வரை நழுவியிருக்கிறது. அளவுக்கு மீறிய லோடா, காலா, சரிசெய்யாத பெடல் இடைவெளியா என்று அப்போது கேட்கலாம். பிளேட் சுத்தமாக இருந்து, ஷாப்ட்டின் வரிப்பற்கள் துருப்பிடித்துப் பிளேட் நகராமல் இருந்தால், டிரைவர் மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க நியாயமில்லை. அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள் தம்பிகளே. பழைய பிளேட்டுகளில் கல்நார் உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

முதலில் டிரைவரிடம் கேளுங்கள்: எப்போது தொடங்கியது, சூட்டிலா குளிர்ச்சியிலா, எந்த கியர், கடைசியாக யார் கை வைத்தார்கள். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் யார் வந்தாலும் வண்டியிலேயே செய்து காட்டுகிறேன். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.