வேலை கிடைத்த பிறகு
(அனந்தபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



வேலை வாங்கிக் கொடுப்பதைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. கிடைத்த வேலை ஒரு வருடம் நிலைக்கவும், அதிலிருந்து மேலே போகவும் என்ன வேண்டும் என்பதே இன்றைய என் பேச்சு.

ஏரி வேலையும் அதற்குப் பின்னும்

ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் சேர்ந்த ஆறு மாவட்டங்களில் நம் விழுப்புரமும் ஒன்று. அனந்தபுரம் பேரூராட்சி என்பதால் விடுபட்டது. சுற்றுக் கிராமத்து மக்கள் ‘ஏரி வேலை’ என்று அதற்குப் பெயர் வைத்துப் போனார்கள். அந்தக் கூலி அடுப்பை எரியவைத்தது. ஆனால் அதில் பதவி உயர்வு கிடையாது. இருபது வயதில் மண் சுமந்தவருக்கு நாற்பதிலும் மண்தான்.

இந்தக் குறையைப் போக்க 2019 இறுதியில் ‘உன்னதி’ திட்டம் வந்தது. ஏரி வேலையில் ஆண்டுக்குரிய நூறு நாளையும் முடித்த குடும்பத்தில் 18 முதல் 45 வயதுக்குள் ஒருவருக்குத் தொழிற்பயிற்சி; பயிற்சிக் காலத்தில் கூலி போய்விடாதபடி உதவித்தொகை. நல்ல ஏற்பாடுதான். சிக்கல் பயிற்சி முடிந்த பிறகு தொடங்குகிறது.

முதல் மாதம்

ஏரி வேலைக்குப் போனாலும் களையெடுக்கப் போனாலும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ ஆலை வேலைக்குப் போகிற பெண்ணுக்கு விடுதி வாடகை, சாப்பாடு, செல்போன் ரீசார்ஜ் எல்லாம் முதல் நாளே தொடங்கிவிடும். சம்பளமோ மாதம் முடிந்துதான் வரும். இடையில் மேல்மலையனூர் தேர் வரும், தம்பிக்குக் காய்ச்சல் வரும். “ரெண்டு நாள் இருந்துட்டுப் போ” என்பார் அம்மா. ரெண்டு நாள் பத்து நாளாகும். பிறகு சூப்பர்வைசருக்குப் போன் செய்யவே பயம். அத்தோடு அந்த வேலை முடிந்தது. ஊர் அதைச் சோம்பல் என்கிறது. எனக்கு அது முன்பணமும் ஆலோசனையும் இல்லாத குறையாகவே தெரிகிறது.

2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய ஊரகத் திறன் திட்டம் இந்தக் குறையைக் கணக்கில் எடுத்தது. வேலையில் சேர்ந்த பின்னும் மாதம் 1,000 ரூபாய் உதவி: சொந்த மாவட்டத்துக்குள் என்றால் இரண்டு மாதம், வெளி மாவட்டம் என்றால் மூன்று, வெளி மாநிலம் என்றால் ஆறு. பயிற்சி பெற்றவர் ஒரு வருடம் வேலையில் நிலைத்தால் பயிற்சி நிறுவனத்துக்கும் ஊக்கத்தொகை வைத்தது. தலையை எண்ணிப் பணம் கொடுப்பதை விட, நிலைத்ததை எண்ணிக் கொடுப்பதே நியாயம்.

அமெரிக்கப் பாடம்

அமெரிக்காவில் 1996-இல் ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகைக்கு ஐந்தாண்டு வரம்பு விதித்தார்கள். வேலைக்குப் போனவர்கள் அதில் நிலைக்கவில்லை என்று கண்டதும், பல ஊர்களில் பல வழிகளைச் சோதித்தார்கள். 2010-இல் வந்த முடிவில், பன்னிரண்டு திட்டங்களில் மூன்றுதான் தெளிவான பலன் தந்தன. அவற்றில் ஒன்றான டெக்சாஸின் கார்ப்பஸ் கிறிஸ்டியில், வாரம் 30 மணி நேரம் வேலை பார்த்தவருக்கு ஆலோசனையோடு மாதம் 200 டாலரும் கொடுத்தார்கள். புத்திமதி மட்டும் சொல்லி அனுப்பிய பல இடங்களில் மாற்றம் இல்லை.

ஊர் செய்ய வேண்டியது

அரசுக்காகக் காத்திராமல் நாமே மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, மகளிர் குழுக்கள் முதல் மாதச் செலவுக்கென்று தனிக் கடன் கொடுக்கட்டும். முதல் சம்பளத்தில் தவணை தொடங்கட்டும். இரண்டாவது, ஏற்கெனவே ஆலையில் சில வருடம் பார்த்த ஒருவர், புதிதாகப் போனவர்களிடம் வாரம் ஒருமுறை போனில் பேசட்டும். லீவு எப்படிக் கேட்பது என்பதைக்கூட யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது. மூன்றாவது, வருங்கால வைப்பு நிதிக் கணக்கை யாரும் அவசரப்பட்டு மூட வேண்டாம். கம்பெனி மாறினாலும் யு.ஏ.என். என்கிற உறுப்பினர் எண் ஒன்றுதான். பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்தால் பணிக்காலம் தொடரும். பத்து வருடம் சேர்ந்தால் ஓய்வூதியத்துக்கு உரிமை வரும். கூலிக்காரரை உத்தியோகஸ்தராக்குவது இந்தத் தொடர்ச்சிதான்.

இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்துகிறது. அதோடு, ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளின் முதல் மாதச் செலவையும் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு இதே மேடையில், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று சொல்லாதீர்கள். எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.