கேமரா நம்மைப் பார்க்கிறது. கேமராவை யார் பார்க்கிறார்கள்?

(சிதம்பரத்தில் நடந்த இளைஞர் சந்திப்பில் தகவல் தொழில்நுட்பப் பிரிவு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க, பகிருங்க.)



கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்க. கீழ வீதியில இருந்து பேருந்து நிலையம் வரைக்கும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கிட்டே நடங்க. நகைக்கடை வாசல், ஏ.டி.எம்., முச்சந்திக் கம்பம், மருந்துக்கடை என்று எத்தனை கேமரா இருக்குன்னு எண்ணிடுவீங்க. ஆனா அதுல பதிவான உங்க முகம் எத்தனை நாள் இருக்கும்? அதை யார் பார்ப்பாங்க? யாருக்கு அனுப்புவாங்க? இதைக் கேட்டா பதில் சொல்ல ஆள் இல்லை. அதுதான் இன்னைக்கு உண்மையான சிதம்பர ரகசியம்!

முதல்லயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிடறேன். நாம் கேமராவுக்கு எதிரிகள் இல்லை.

2016 ஜூன் 24. சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை நேரத்தில், வேலைக்குப் போகக் காத்திருந்த ஐ.டி. ஊழியரான இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் பதிவை வைத்துத்தான் போலீஸ் தேட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் "மூன்றாவது கண்" என்று சொல்லிச் சென்னை முழுக்கக் கேமரா வைக்கும் இயக்கம் வேகம் எடுத்தது. இரவு ஷிப்ட் முடித்து வரும் நம்ம அக்கா தங்கச்சிகளுக்கு அது ஒரு துணை. அதை நாம் மறுக்கவில்லை.

நம்ம ஊருக்கே வருவோம். 2025 ஜூலை 8, கடலூர் செம்மங்குப்பம். பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்தார்கள். அன்றைக்கு முழுக்க ஒரே சண்டை: கேட் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? ரயில்வே முதலில் ஒன்று சொன்னது. தப்பிப் பிழைத்தவர்கள் வேறு சொன்னார்கள். அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். அதனால்தான் லெவல் கிராசிங் கேட்டுகளில் எல்லாம் கேமரா வைக்கச் சொல்லி ரயில்வே உத்தரவு போட்டது. நல்லது.

ஆனா இன்ஜினியரிங் படிச்சவன் என்ற முறையில ஒன்று சொல்லணும். கேமரா இருந்திருந்தா அந்தப் பிள்ளைங்க பிழைச்சிருப்பாங்களா? மாட்டாங்க. கேமரா பதிவு செய்யும், தடுக்காது. தடுத்திருக்கக்கூடியது "இன்டர்லாக்கிங்". கேட் மூடினால்தான் ரயிலுக்குப் பச்சை சிக்னல் விழும் என்ற ஏற்பாடு. செம்மங்குப்பம் கேட்டில் அது இல்லை. இதை மனசுல வெச்சுக்கோங்க. தெருவிளக்கு போட வேண்டிய இடத்துல, பேருந்து விட வேண்டிய நேரத்துல, ஆள் நியமிக்க வேண்டிய வேலைக்கு ஒரு கேமராவை மாட்டிட்டு "பாதுகாப்பு குடுத்துட்டோம்"னு சொன்னா ஏமாறாதீங்க.

அடுத்த கேள்வி: கேமராவின் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது?

1993-ல், நம்ம விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையம். திருட்டு வழக்கு என்று பிடித்துப் போனார்கள் ராஜாகண்ணுவை. அடித்தே கொன்றார்கள். கேட்டால், "தப்பி ஓடிவிட்டான்" என்றது போலீஸ். அவருடைய மனைவி விடவில்லை. வழக்கறிஞர் சந்துரு உயர் நீதிமன்றத்தில் போராடினார். 'ஜெய் பீம்' படத்தில் நீங்கள் பார்த்தது இந்த வழக்கைத்தான். காவலர்கள் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்போது வருஷம் 2006. பதிமூன்று வருஷம்! அந்த ஸ்டேஷன்ல அன்றைக்கு ஒரு கேமரா இருந்திருந்தா, "ஓடிட்டான்" என்ற பொய் ஒரு நாள் தாங்கியிருக்குமா?

"சரி, கேமரா இருந்தா போதும்ல?" என்று கேட்பீர்கள். 2020 ஜூன், சாத்தான்குளம். கடை வைத்திருந்த தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார்கள். அங்கே கேமரா இருந்தது. பதிவை வைக்க 1 டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் அன்றாடப் பதிவு அன்றாடம் தானாகவே அழியும்படி செட்டிங் செய்யப்பட்டிருந்தது என்று விசாரித்த நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அந்த இரவின் பதிவு இல்லை!

பாருங்க தோழர்களே. டீக்கடையில ஓசி டீ குடிச்சவனை அடையாளம் காட்ட கேமரா வேலை செய்யுது. லாக்கப்புல ஒரு உயிர் போகும்போது மட்டும் பதிவு இல்லாமப் போகுது. கேமராவுக்குக் கண் இருக்கு, மனசாட்சி இல்லை. அது சுவிட்ச் வைத்திருப்பவனின் விசுவாசி.

அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும். வாசல், லாக்கப், வராண்டா, ஆய்வாளர் அறை என எந்த மூலையும் விடுபடக் கூடாது. இரவிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும். 18 மாதப் பதிவைச் சேமிக்க வேண்டும், அதற்கு வசதி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கண்காணிக்க மாவட்ட அளவில் குழு வேண்டும். கழிவறைக்கு வெளியே கேமரா, உள்ளே கூடாது என்பது வரை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பாதுகாப்பும் அந்தரங்கமும் ஒரே உத்தரவில் சேர்ந்து நிற்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "தப்பு பண்ணாதவனுக்கு என்னப்பா பயம்?"

வீட்டுக்குக் கதவு வைத்திருக்கிறோமே, உள்ளே தப்பு செய்வதற்கா? குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடுகிறோமே, திருடுவதற்கா? அந்தரங்கம் குற்றவாளியின் மறைவிடம் இல்லை. மனுஷனின் மரியாதை.

நம்ம மாவட்டத்தில் அது அதைவிடப் பெரியது. 2003-ல் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் முருகேசன், கண்ணகி என்ற இருவரை நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள். அவர் பொறியியல் பட்டதாரி. வேறு வேறு சாதி. பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். தெரிந்தது, கொன்றார்கள். கொலையாளிகளின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2025 ஏப்ரலில். அவர்கள் செய்த தப்பு என்ன? எதுவும் இல்லை. ஆனாலும் பயப்படக் காரணம் இருந்தது.

இப்போ யோசிங்க. ஒரு பொண்ணும் பையனும் சில்வர் பீச்சுல உட்கார்ந்து பேசுற பதினைந்து விநாடிக் காட்சி. கண்ட்ரோல் ரூம்ல இருக்கிற யாரோ ஒருத்தர் அதைத் தன் போன்ல படம் பிடிச்சு, அது ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனா? யார் யாரோட பேசினாங்க என்பது இந்த மண்ணுல வெறும் தகவல் இல்லை. சில பேருக்கு அது உயிர்.

சட்டம் என்ன சொல்கிறது? இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடப்போன வழக்கில், 1994-லேயே உச்ச நீதிமன்றம், "தன்னைத் தொந்தரவு செய்யாமல் விடச் சொல்லும் உரிமை" குடிமகனுக்கு உண்டு என்றது. அதே தீர்ப்பு, அதிகாரிகள் தங்கள் பதவிக் காரியங்களை அந்தரங்கம் என்று சொல்லி மறைக்க முடியாது என்றும் சொன்னது. பிறகு 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு. 9 நீதிபதிகள், ஒரே குரல்: அந்தரங்கம் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் அடிப்படை உரிமை. அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். அதற்குச் சட்டம் இருக்கா? நியாயமான நோக்கம் இருக்கா? நோக்கத்துக்குத் தேவையான அளவுதானா, இல்லை கொசுவுக்குப் பீரங்கியா?

2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் விலக்கு அளிக்கலாம் என்று 17-வது பிரிவு ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. முன்வாசலுக்குப் பூட்டு, பின்வாசல் திறந்திருக்கு!

இதுவரை பேசினது சாதாரண கேமரா. இனி வருவது முகமறிதல் மென்பொருள். உங்க முகத்தை எண்களாக மாற்றி, பட்டியலில் இருக்கிற முகங்களோடு ஒப்பிட்டு "இவர்தான்" என்று சொல்லும். சொல்வது நூற்றுக்கு நூறு உறுதி இல்லை, ஒரு யூகம். ஒரு கணக்குப் போடுவோம். ஆருத்ரா தரிசனத்துக்கு நாலு வீதியிலும் ஒரு லட்சம் பேர் வருவதாக வையுங்கள். மென்பொருள் ஆயிரத்தில் ஒருவரை மட்டும் தப்பாகச் சொல்கிறது என்றும் வையுங்கள். கேட்க நல்ல மென்பொருள் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரே நாளில் 100 அப்பாவிகள் மேல் "சந்தேக நபர்" முத்திரை! அந்த நூறில் ஒருவர் உங்க அப்பாவாக இருக்கலாம்.

இன்னொன்று. 2018-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர் ஜாய் புவோலாம்வினி, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார். வெள்ளைத்தோல் ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருந்தோல் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. நம்ம நிறம் என்னன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ்நாடு காவல்துறையும் முகமறிதல் தளத்தைப் பயன்படுத்துகிறது. 2024 மே மாதம் அந்தத் தளத்தின் ஒரு கணக்குக்குள் வெளியாள் நுழைந்ததைக் காவல்துறையே ஒப்புக்கொண்டது. கடவுச்சொல் திருடு போனா மாத்திக்கலாம். முகம் திருடு போனா?

கேள்வி கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2021-ல் ஐதராபாத்தில் போலீஸ் வழிமறித்து, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்த ஒரு சமூக ஆர்வலர், தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பிரிட்டனில் தெற்கு வேல்ஸ் போலீஸ் முகமறிதலைப் பயன்படுத்திய விதம் சட்டவிரோதம் என்று 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரைத் தேடுவது, எங்கே வைப்பது என்பதைப் போலீசின் இஷ்டத்துக்கே விட்டுவிட்டார்கள் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

1965 ஜனவரி 27. இந்தித் திணிப்பை எதிர்த்து இதே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். அன்றைக்கு அந்த ஊர்வலத்தில் வந்த ஒவ்வொரு முகமும், பெயர், ஊர், அப்பா பெயரோடு ஒரு கணினியில் ஏறியிருந்தால், அடுத்த ஊர்வலத்துக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள்? இன்றைக்குக் கல்விக் கட்டணத்துக்காக, நிலத்துக்காக, மீனவர் உரிமைக்காகக் கூடுகிறவர்களுக்கும் இதே கேள்விதான்.

சரி, என்ன செய்யலாம்? கைத்தட்டிட்டுக் கலைஞ்சு போக வேண்டாம்.

ஒன்று. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். சிதம்பரம் நகராட்சி, கடலூர் மாநகராட்சி, காவல்துறை, மூன்றுக்கும் போடலாம். கேட்க வேண்டியவை: எத்தனை கேமரா, அதில் எத்தனை வேலை செய்கிறது? பதிவு எத்தனை நாள் இருக்கும்? யார் பார்க்கலாம், பார்த்ததற்குப் பதிவேடு உண்டா? முகமறிதல் பயன்படுகிறதா, எந்த உத்தரவின்படி? பதில் வரலைன்னா மேல்முறையீடு செய்யுங்க.

இரண்டு. உங்க பகுதிக் காவல் நிலையத்தில் கேமரா இருக்கிறது என்ற அறிவிப்புப் பலகை வாசலில் இருக்கான்னு பாருங்க. உச்ச நீதிமன்ற உத்தரவு அது. உள்ளே யாராவது தாக்கப்பட்டால், பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி அன்றைக்கே எழுத்தில் மனு கொடுங்க. நாள் தள்ளினா பதிவும் போகும், நீதியும் போகும்.

மூன்று. நம்ம வீட்டுக் கேமராவும் ஒழுங்கா இருக்கணும். அது நம்ம கேட்டைப் பார்க்கட்டும், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டாம். கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்துங்க. உதவி வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, நம்ம பிரிவுத் தோழர்கள் வழி சொல்வாங்க.

குடிமகனின் வீடு மூடியிருக்கலாம், அரசின் அலுவலகம் திறந்திருக்கணும். கேமரா இருக்கட்டும். ஆனா அதுக்கு ஒரு சட்டம், ஒரு கால வரம்பு, ஒரு கணக்கு இருக்கட்டும். நம்மைப் பார்க்கிறவர்களை நாமும் பார்க்கிற நாள்தான் ஜனநாயகம் முழுசாகிற நாள்.



#கேமராவுக்கும்_கணக்கு_வேண்டும் #கடலூர் #சிதம்பரம்