வீடு சேராத எண்

மாரி மழையில் மட்டக்களப்பு வாவி நிரம்பித் ததும்பினாலும், முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கும்வரை அந்நீர் கடலைச் சேர்வதில்லை. மணலை வெட்டிவிட்ட பின்னரே அது வழிகண்டு ஓடும். எண்களுக்கும் இத்தகைய பயணம் ஒன்று உண்டு.

தன்னாலும் 1ஆலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1இலும் பெரிய எண்ணே முதன்மை எண். 10இன் முதன்மைக் காரணிகள் 2, 5. அவற்றைச் சிறியது முதலாகச் சேர்த்தெழுதினால் 25. அதன் காரணிகள் 5, 5, சேர்த்தால் 55. அதன் காரணிகள் 5, 11, சேர்த்தால் 511. அதன் காரணிகள் 7, 73, சேர்த்தால் 773. இது முதன்மை எண், பயணம் முடிந்தது. 773ஐ 10இன் 'இல்ல முதன்மை எண்' என்பர். ஜெஃப்ரி ஹீலீன் என்பவர் 1990களில் இதுபற்றிக் கட்டுரைகள் வரைந்தார்.

சின்னஞ்சிறு 8, 13 படிகள் நடந்து, 19 இலக்கங்கள் கொண்ட 3331113965338635107 என்னும் வீட்டை அடைகின்றது. 49இன் கதையோ வேறு. 77, 711, 3379, 31109 எனத் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட படிகள் கடந்தும் அது வீடு சேரவில்லை. இருநூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது கணினிக்கும் பெருஞ்சுமை. வங்கிச் செய்திகளைக் காக்கும் மறைகுறிகள் பலவற்றுக்கு அரணாவதும் இவ்வருமையே.

பயணம் வட்டமாகச் சுழலுமோ எனின், சுழலாது. 5ஐயும் 11ஐயும் பெருக்கினால் 55, சேர்த்தெழுதினாலோ 511. சேர்த்தெழுதிய எண் பெருக்கத்தினும் என்றும் பெரிது. ஆகவே வந்த இடத்துக்கு மீள வழியில்லை. வீடு சேரவேண்டும், அன்றேல் முடிவின்றி வளரவேண்டும்.

மகாராட்டிரத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராயிருந்த கப்ரேகர், 1949இல் 6174இன் இயல்பைக் கண்டார். நான்கு இலக்கங்களும் ஒன்றாய் இல்லாத எந்த நான்கிலக்க எண்ணையும், இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால், ஏழு படிகளுக்குள் 6174 வரும். நான்கிலக்க எண்களுக்கு எல்லையுண்டு. அனைத்தையும் சோதித்துத் தெளியலாம். இல்ல முதன்மைக்கு அவ்வெல்லை இல்லை. எல்லா எண்களும் வீடு சேருமென்றே அறிஞர் எண்ணுகின்றனர், எவரும் நிறுவியதில்லை.

ஆயிரம் எண்கள் வீடு சேர்ந்தமை, அடுத்த எண்ணும் சேருமென்பதற்குச் சான்றாகாது. கண்டது வேறு, நிறுவியது வேறு. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த சிறுவனும் இவ்வேறுபாட்டை ஒரு தாளில், 14இலிருந்து தொடங்கி, தானே உணர்ந்துகொள்ளலாம். அவனது எண் ஐந்தே படிகளில் வீடு சேரும். 49இன் முகத்துவாரம் இன்னும் திறக்கவில்லை.