எண்ணெய்த் துணிக்குத் தனி வாளி

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்குக் கடன் திருப்புதல் பத்தி நான் பேசப் போறதில்லை. எண்ணெய்த் துணியைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் நம்ம உறுப்பினர்கள் பல பேர் வீட்டை ஒட்டியே நாலு தறி, ஆறு தறி போட்டிருக்கீங்க. சில வீட்டு வாசலில் பைக் பட்டறை. தறிக்கு எண்ணெய் விடுறது, கியருக்குக் கிரீஸ் வைக்கிறது ஆம்பளைங்க வேலை. துடைச்ச துணியைத் துவைக்கிறது மட்டும் யார் வேலைங்க? துவைக்கிற கல் ஒண்ணு, வாளி ஒண்ணு. அதே வாளியில்தான் கைக்குழந்தை துணியும் ஊறுது.

பைக்கில் இருந்து இறக்கின கறுப்பு எண்ணெய் வருஷக்கணக்கா கையில் பட்டுக்கிட்டே இருந்தா தோல் புண்ணாகும், புற்றுநோய் ஆபத்தும் உண்டு. 2016-ல் மத்திய அரசு கொண்டு வந்த அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் தொழிற்சாலை எண்ணெய்க் கழிவோடு, அழுக்கேறிய துடைப்புத் துணியும் இருக்கு. ஃபேக்டரியில் அபாயம், நம்ம வீட்டில் மட்டும் வெறும் அழுக்கா?

துவைக்கக் கூடாதுன்னு சொல்லலை. பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் காசு கொடுத்து வாங்குறோம், ஒரு தடவை துடைச்சு எறிய மனசு வராது. துவைக்கிற முறைதான் முக்கியம்.

நிறைய பேர் எடுத்த உடனே சோப்புத் தண்ணியில் போட்டுடறாங்க. சோப்பில் கலந்த எண்ணெய் அப்புறம் தண்ணியை விட்டுப் பிரியாது, மொத்தமும் சாக்கடைக்குத்தான் போகும். அதனால தண்ணி படுறதுக்கு முன்னாடியே எண்ணெயை எடுத்துடணும். கட்டி கிரீஸைக் குச்சியால வழிச்சு எடுங்க. பைக் பட்டறைத் துணியை வெறுங்கையால கசக்காதீங்க, இரும்புப் பிசிறு கிழிச்சுடும். உதறிட்டு, மரத்தூளிலோ நல்லா ஆறின அடுப்புச் சாம்பலிலோ ஒரு ராத்திரி புதைச்சு வைங்க. பாதி எண்ணெயை அது குடிச்சுடும்.

மறுநாள் கை பொறுக்கிற சூட்டில் ஒரு வாளி தண்ணி, மூணு நாலு ஸ்பூன் சலவைச் சோடா, ஒரு கைப்பிடி சோப்புத்தூள். சோடா மட்டும் போதாதான்னு கேப்பீங்க. சமையல் எண்ணெய்ப் பிசுக்குன்னா சோடாவும் சாம்பலும் நல்லாவே எடுக்கும். மெஷின் எண்ணெய் பெட்ரோலிய எண்ணெய், அதுக்குச் சோப்பு கண்டிப்பா வேணும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரிக்கும். காஸ்டிக் சோடா கொண்டு வந்தா திருப்பி அனுப்பிடுங்க, அது கையையே பொசுக்கிடும். கைக்கு ரப்பர் உறை போட்டுக்கோங்க. அழுக்குத் தண்ணியைக் கிணத்தடியிலோ மாடு குடிக்கிற இடத்திலோ ஊத்தாதீங்க. எண்ணெய் குடிச்ச மரத்தூளை அடுப்பில் போடாம, குப்பை வாங்க வர்றவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லித் தனியாக் கொடுங்க.

பெட்ரோல்ல அலசினா ஒரு நிமிஷத்தில் போயிடும்னு வீட்டுக்காரர் சொல்லுவார். போகும், உண்மைதான். ஆனா பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம். தரையோடு தரையா ஊர்ந்து போகும். வாசலில் அலசினா சமையலறை அடுப்பு வரைக்கும் அது வந்து சேரும், கண்ணுக்கும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க அக்கா.

தறிப்பட்டறையில் இன்னொண்ணு. பஞ்சுத் தூசி எங்கேயும் படிஞ்சிருக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டித் தறிக்கு அடியில், சுவிட்ச் போர்டு பக்கம் செருகி வைக்கிறாங்க. ஒரு பொறி போதும். மூடி உள்ள தகர டப்பா ஒண்ணு வைங்க, பழைய பெயின்ட் டப்பாவைக் கழுவி வச்சாலே போதும்.

மர வேலை செய்யுற வீடுகள் இதைத் தனியாக் கேட்டுக்கோங்க. ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ் தொட்ட துணியைக் குவிச்சுப் போட்டா, நெருப்பே வைக்காம தானாத் தீப்பிடிக்கும். கட்டுக்கதை இல்லைங்க. அந்த எண்ணெய் காயும்போது காத்தோடு சேர்ந்து சூடாகும். குவியலில் சூடு வெளியே போக வழியில்லாம ஏறிக்கிட்டே இருக்கும். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகுகூடப் பத்திக்கலாம். அந்தத் துணியைத் தண்ணியில் முக்கி வைங்க, இல்லைன்னா வெளியே ஒவ்வொண்ணா விரிச்சுக் காயப் போட்டுட்டுத் தூக்கி எறியுங்க. அதை மறுபடி உபயோகிக்க வேண்டாம்.

துவைச்ச துணி முதல் துடைப்புக்கு மட்டும்தான். பாவு பக்கம், நெய்த துணி பக்கம் அதைக் கொண்டு போகாதீங்க. கறை பட்டா கூலியில் பிடிப்பாங்க. மிச்சம் பிடிச்சது ஒரே நாளில் போயிடும். நாலஞ்சு தடவை துவைச்சு நைஞ்சு போனதையும் கழிச்சுடுங்க.

கடைசியா ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, தறி, பட்டறை வச்சிருக்கிறவங்க மாசத்துக்கு எத்தனை கிலோ வேஸ்ட் வாங்குறீங்க, என்ன விலை, துவைக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகுது, மூணையும் எழுதிட்டு வாங்க. தொழில் கடன் விண்ணப்பத்தில் செலவுக் கணக்கு எழுதுற இடத்தில் இதுவரைக்கும் யாரும் அந்த நேரத்தை எழுதினதில்லை. திருப்பூரில் இருந்து மூட்டையா வாங்கிப் பிரிச்சுக்கலாமான்னும் அன்னைக்கே பேசிடலாம்.