சக்கரத்தின் கணக்கு

மாணவச் செல்வங்களே,

வட்டத்தின் சுற்றளவைக் காண்பது எப்படி என்று உங்களில் எவரைக் கேட்டாலும் உடனே விடை கூறிவிடுவீர்கள். விட்டத்தைப் 'பை' என்னும் எண்ணால் பெருக்க வேண்டும் என்பீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அதைக் கரும்பலகையில் எழுதி வந்தவன்தான். "70 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் 1000 முறை சுழன்றால் எவ்வளவு தூரம் செல்லும்?" என்று எத்தனையோ வினாத்தாள்களில் கேட்டிருக்கிறேன். அந்தக் கணக்கு ஒரு நாள் என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள ஊர் வேங்கிக்கால். ஓய்வு பெற்றபின் நான் அங்கேதான் வாழ்ந்து வருகிறேன். என்னிடம் படித்த ஒருவர் அவ்வூரில் வாடகைக் கார் ஓட்டுகிறார். ஒரு நாள் மாலை அவர் என்னிடம் வந்து, "ஐயா, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் அல்லவா? நடக்க இயலாத முதியவர்களை ஏற்றிக்கொண்டு எத்தனையோ முறை சுற்றி வந்திருக்கிறேன். மானியும் 14 என்றே காட்டும். இந்த மூன்று நாளாக 13.3 என்று காட்டுகிறது. மானி பழுதாகிவிட்டதோ?" என்று கேட்டார்.

நான் வெளியே வந்து பார்த்தேன். காரில் புதிய அலாய் சக்கரங்கள் பளபளத்துக்கொண்டிருந்தன. முன்பிருந்தவை 15 அங்குலச் சக்கரங்கள். இவை 16 அங்குலம். அழகுக்காக வாங்கினாராம். பழைய டயரின் அளவு 185/65 ஆர் 15. புதியதன் அளவு 205/60 ஆர் 16.

"மானி பழுதாகவில்லை, தம்பி, மலையும் சுருங்கவில்லை. உன் சக்கரம் பெருத்துவிட்டது" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. திண்ணையில் அமர்ந்து, தாளும் பென்சிலும் எடுத்தோம். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்களுக்கு ஒவ்வொன்றாகப் பொருள் உண்டு. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில் குறிக்கப்படுவது. 65 என்பது நீளமோ உயரமோ அன்று. அது ஒரு விழுக்காடு. அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு டயரின் பக்கச்சுவருடைய உயரம் என்பதே அதன் பொருள். 'ஆர்' என்னும் எழுத்து, உள்ளிருக்கும் இழைகள் நடுவிலிருந்து ஆரக்கால்களைப்போல் செல்லும் ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 15 என்பது டயர் பொருந்தும் சக்கரத்தின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் கலந்து நிற்பதால்தான் பலர் தடுமாறுகின்றனர்.

இனிக் கணக்கிடுவோம். 185-இல் 65 விழுக்காடு 120.25 மி.மீ. பக்கச்சுவர் மேலும் கீழும் உண்டாதலால் அதை இரட்டிக்க, 240.5 மி.மீ. 15 அங்குலம் என்பது 381 மி.மீ. இரண்டையும் கூட்டினால் முழு விட்டம் 621.5 மி.மீ. புதிய டயருக்கும் அவ்வாறே செய்தால் 246-உம் 406.4-உம் சேர்ந்து 652.4 மி.மீ. ஆகிறது. ஏறக்குறைய 5 விழுக்காடு மிகுதி.

கார் தூரத்தை நேரே அளப்பதில்லை. சக்கரத்தின் சுழற்சிகளை எண்ணி, தனக்குக் கற்பிக்கப்பட்ட சுற்றளவால் பெருக்கிக்கொள்கிறது. பழைய டயர் 14 கிலோமீட்டருக்குச் சுமார் 7170 முறை சுழல வேண்டும். பெரிய டயருக்கோ ஏறக்குறைய 6830 சுழற்சிகளே போதும். டயர் மாறியதை அறியாத மானி பழைய சுற்றளவையே கொண்டு பெருக்கி, 13.3 என்று சொல்கிறது. பாரத்தால் டயர் சற்று அமுங்குவதால் உண்மையான எண்கள் சிறிது வேறுபடலாம். ஆயினும் விகிதம் இதுவே.

தூரம் குறைந்து காட்டினால் என்ன தீங்கு என்று கேட்கலாம். வேகமும் அவ்வாறே குறைந்து காட்டுமே! முன்பு 84 என்று காட்டியிருக்க வேண்டிய வேகத்தில் முள் இப்போது 80-இல் நிற்கும். ஓட்டுபவர் தாம் அறியாமலேயே விரைகிறார்.

இதைக் கூறிக்கொண்டே நான் முன்சக்கரத்தின் அருகே குனிந்து பார்த்தேன். டயரின் உள்ளோரம் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்து, உள்ளிருக்கும் நூலிழை வெளியே தெரிந்தது. விட்டம் 31 மி.மீ. கூடியதால் டயரின் மேல் விளிம்பு சக்கர வளைவை 15 மி.மீ. நெருங்கியிருந்தது, அகலமும் 20 மி.மீ. கூடியிருந்தது. ஆளேறி வண்டி தாழும்போதும், திருப்பத்தில் சக்கரம் வளையும்போதும் டயர் உட்புறத்தில் உராய்ந்திருக்கிறது. மறுநாள் விடியற்காலையில் குழந்தைகளோடு ஒரு குடும்பத்தைத் திருமலைக்கு அழைத்துச் செல்ல அவர் ஒப்புக்கொண்டிருந்தார். திருமலைப் பாதையின் வளைவுகளை நீங்கள் அறிவீர்கள். நாங்கள் இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவே அவர் பழைய சக்கரங்களைத் திரும்பப் பூட்டிவிட்டார். பயணம் இனிதே நிறைவேறியது. அடுத்த வாரம் மீண்டும் வந்தார். "அப்படியானால் பெரிய சக்கரமே போடக் கூடாதா, ஐயா?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

போடலாம், ஆனால் சக்கரம் பெரிதாகும் அளவுக்குப் பக்கச்சுவர் சிறிதாக வேண்டும். டயரின் முழு விட்டம் மாறலாகாது. மாறினாலும் 3 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். 195/55 ஆர் 16 என்னும் அளவைப் பாருங்கள். 195-இல் 55 விழுக்காடு 107.25, இரட்டித்தால் 214.5, அதனுடன் 406.4-ஐக் கூட்டினால் 620.9 மி.மீ. பழைய விட்டத்துக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபாடில்லை. கார் தயாரிப்பாளர்களும் இதே கணக்கைத்தான் கையாளுகின்றனர். 2017-இல் வெளிவந்த மாருதி சுசுகி டிசையர் காரின் குறைந்த விலை வகைகளில் 165/80 ஆர் 14 டயரும், உயர்ந்த வகைகளில் 185/65 ஆர் 15 டயரும் பூட்டப்பட்டன. முன்னதன் விட்டம் 619.6 மி.மீ.; பின்னதன் விட்டம் 621.5 மி.மீ.

விட்டம் பொருந்தியதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. டயரின் அளவை அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் டயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும். எழுத்து அதற்குரிய உச்ச வேகத்தைக் குறிக்கும். 88 என்றால் 560 கிலோ; 87 என்றால் 545 கிலோ; 91 என்றால் 615 கிலோ. பழைய டயர் 88 எனில், 87 என்று குறித்த 195/55 ஆர் 16 டயர் விட்டத்தில் பொருந்தினாலும் வலிமையில் குறைந்தது; நான்கு டயரிலும் சேர்த்து 60 கிலோ குறையும். ஒரு மனிதரின் எடையல்லவா அது! அதே அளவில் 91 என்று குறித்த டயரும் உண்டு. அதை வாங்கி, அதற்குரிய காற்றழுத்தத்தையும் கேட்டறிந்து நிரப்ப வேண்டும். வேக எழுத்தும் பழையதற்குக் குறையலாகாது.

சக்கரத்திலும் பார்க்க வேண்டியவை உண்டு. 195/55 டயருக்குச் சக்கரத்தின் அகலம் ஐந்தரை முதல் 7 அங்குலத்துக்குள் அமைய வேண்டும். மறைகள் பூட்டும் துளைகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், நடுத்துளையும் சரியாகப் பொருந்த வேண்டும். சக்கரம் உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ தள்ளி நிற்கும் அளவும் மாறாதிருக்க வேண்டும். மாறினால் உராய்வு மறுபடியும் தோன்றும். பக்கச்சுவர் குட்டையானால் வளைவுகளில் வண்டி உறுதியாகத் திரும்பும் என்பது உண்மை. ஆனால் பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை ஏற்கும் காற்றுமெத்தை குறைந்துவிடுகிறது; சக்கர விளிம்பு வளைவதற்கும் டயர் புடைப்பதற்கும் அதுவே காரணமாகும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு முரணாகப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே, வண்டியின் கையேட்டில் கண்ட அளவுகளே பாதுகாப்பானவை. அவற்றுக்கு அப்பால் செல்ல எண்ணுவோர் முதலில் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

இத்தனையும் கேட்டபின் என் மாணவர் பழைய சக்கரங்களே போதும் என்று முடிவு செய்துவிட்டார். புதியவை அவர் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன.

மாணவர்களே, அவர் பள்ளியில் சுற்றளவுக் கணக்கில் ஒருபோதும் மதிப்பெண் இழந்தவரல்லர். அந்தக் கணக்குக்கும் தம் காருக்கும் தொடர்புண்டு என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. இதில் பிழை அவருடையதன்று, என்னுடையது. ஆசிரியப் பயிற்சியின்போது, கண்முன் உள்ள பொருளிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்தார்கள். நானோ கரும்பலகையில் வட்டம் வரைந்தேன். பள்ளி வாசலில் நின்ற மிதிவண்டியை ஒரு முறையாவது உருட்டிக் காட்டியிருக்கலாம். சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளியிட்டு, அது மீண்டும் தரையைத் தொடும்வரை உருட்டி, இடைப்பட்ட தூரத்தை நூலால் அளக்கச் சொல்லியிருக்கலாம். அதற்குக் கால் மணி நேரமும் ஆகியிராது.

நான் செய்யத் தவறியதை நீங்கள் நாளையே செய்து பாருங்கள். வீட்டில் நிற்கும் வண்டி எதுவாயினும், அதன் டயரில் உள்ள எண்களைப் படித்து விட்டத்தைக் கணக்கிடுங்கள். பிறகு நூல்கொண்டு அளந்து ஒப்பிடுங்கள். விடை எங்கே வேறுபடுகிறது, ஏன் வேறுபடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். தேர்வுக்காகப் படித்த கணக்கு தேர்வோடு முடிந்துவிடுகிறது. கையால் அளந்து அறிந்த கணக்கோ, என்றேனும் ஒரு நாள் உங்களையும் உங்களை நம்பி வண்டியில் ஏறியவர்களையும் காக்கும்.