தூளிக் கயிறும் அதன் காப்பும்



ஊர்விட்டு ஊர் சென்று வாழும் நம்மவர் இல்லங்களில் மற்றவை யாவும் மாறினாலும் மாறாதது ஒன்று உண்டு, அதுவே தூளி. ஏணை என்று வழங்குவாரும் உளர். பழைய புடைவை ஒன்று, கயிறு ஒன்று, மேலே ஒரு கொக்கி. இவை இருந்தால் தில்லியாயினும் மும்பையாயினும் குழந்தை இனிது உறங்கும். உறங்கும் குழந்தையைப் பற்றிப் பேசுவார் பலர். அதனைத் தாங்கும் கயிற்றைப் பற்றிப் பேசுவார் அரியர். அக்கயிறு பயன்படாத நாளில் எங்கே, எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல விழைவது.

சில ஆண்டுகளுக்கு முன், திருவனந்தபுரத்தில் உள்ள எங்கள் இல்லத்திற்கு என் தங்கை கைக்குழந்தையுடன் வந்திருந்தாள். என் மகனுக்குக் கட்டிய தூளிக் கயிறு எட்டாண்டுகளாகப் பரணில் ஒரு சாக்கினுள் கிடந்தது. பருத்திக் கயிறு, பார்வைக்குப் பழுதில்லை. கொக்கியில் மாட்டிப் புடைவையைக் கட்ட முனைந்தபோது என் அன்னையார் தடுத்து, "முதலில் நீ தொங்கிப் பாரப்பா" என்றார்கள். நான் இரு கைகளாலும் பற்றித் தொங்கினேன், கயிறு அறுந்தது. புரியைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே நூல் கறுத்து, விரல் பட்டதும் பொடியாயிற்று. ஓட்டுக் கூரையின் கசிவு சாக்கினுள் இறங்கியதை ஒருவரும் அறிந்திலோம்.

இந்நகரில் ஜூன் மாதத்தில் ஒரு பருவமழையும் அக்டோபரில் மற்றொன்றும் தொடங்குகின்றன. ஈரமும் பூஞ்சணமும் பருத்திக்குப் பகை. இம்மாவட்டத்து அஞ்சுதெங்கின் பெயரால் வாணிகத்தில் வழங்கும் கயிற்று வகை ஒன்று உண்டு. அத்தகைய தென்னங்கயிற்றுக்குரிய மட்டையை உப்பங்கழியில் பல மாதங்கள் ஊறவிடுவது மரபு. நீரில் கிடந்து பதப்பட்ட நார் ஆதலின் அஃது ஈரத்தை நெடிது தாங்கும். ஆயினும் அதன் சொரசொரப்பு துணியைத் தேய்க்கும். நைலான் கயிறு மட்குவதில்லை. ஆனால், நாள்தோறும் வெயில் பட்டால் வலுவிழக்கும். ஆகவே எந்தக் கயிற்றுக்கும் காப்பு வேண்டும்.

இவ்வகையில் மாலுமிகளிடம் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. கொலம்பஸ் 1492-இல் சென்றடைந்த தீவுகளின் மக்கள் தொங்கும் வலைப்படுக்கையில் உறங்கினர். இங்கிலாந்துக் கடற்படை 1597-இல் அதனை ஏற்றுக்கொண்டது. காலையில் எழுந்ததும் மாலுமிகள் படுக்கையையும் கயிறுகளையும் சேர்த்துச் சுருட்டி, இறுகக் கட்டி, கப்பலில் அதற்கென உள்ள இடத்தில் வைப்பது வழக்கமாயிற்று. படுக்கையும் அதன் கயிறும் ஒரே கட்டாக, ஒரே இடத்தில். இதுவே அவர்கள் கண்ட நெறி. இன்று அத்தகைய படுக்கையை மலைப்பயணத்திற்கு எடுத்துச் செல்லும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். இரு மரங்களுக்கிடையே கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்து நின்றால், 60 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் 60 கிலோ பாரத்தைத் தாங்கும். விறைப்பாக இழுத்துச் சரிவை 10 பாகையாக்கினால் அது 170 கிலோவைக் கடந்துவிடும். நைந்த கயிறு இதற்கு ஈடுகொடுக்குமா?

இனி, வைப்பு முறையைக் கூறுவேன். தூளியை அவிழ்த்ததும் முடிச்சுகள் யாவற்றையும் பிரித்துவிடுக. அழுக்கிருப்பின் கயிற்றை வெறும் நீரில் அலசி, நிழலில் நன்கு உலர்த்துக. தளர்ந்த வளையங்களாகச் சுற்றித் துணிப்பையில் இடுக. பிளாஸ்டிக் பையில் ஈரம் வெளியேறாது. கொக்கியையும் வளையத்தையும் துடைத்து வேறொரு சிறு பையில் கட்டி, அதே பையினுள் வைக்க. துரு கயிற்றில் படலாகாது. பையைத் தரையிலோ பரணிலோ இடாமல், வெயிலும் எலியும் மண்ணெண்ணெயும் அணுகாதபடி சுவரில் ஓர் ஆணியில் மாட்டுக. வாங்கிய ஆண்டை ஒரு சீட்டில் எழுதிப் பையுடன் கட்டுக.

மாற்றலாகிச் செல்லும் குடும்பத்தினருக்கு மற்றொன்றும் சொல்வேன். மூட்டை கட்டும் பரபரப்பில் கைக்கு அகப்படுவது தூளிக் கயிறே. லாரியின் இரும்பு விளிம்பில் உரசிவந்த கயிறு மீண்டும் குழந்தையைத் தாங்கத் தக்கதன்று. பெட்டிக்கு வேறு கயிறு வாங்குங்கள்.

மீண்டும் தூளி கட்டும் நாளில், புரியைப் பிரித்து உள்ளே பாருங்கள். பெரியவர் ஒருவர் தொங்கிப் பாருங்கள். சிறிதேனும் ஐயம் எழுந்தால் அதனை எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள். தூளியில் துயிலும் குழந்தைக்குக் கயிற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. அறிய வேண்டியவர்கள் நாமே.