தொடையைப் பொதிந்த உறை

மனித உடம்பைப் பற்றிப் பேசுவோர் எலும்பின் உறுதியையும் தசையின் வலிமையையும் போற்றுவதே வழக்கம். அவற்றை இணைத்தும் வகுத்தும் தாங்கியும் நிற்கின்ற தொடுப்பிழையத்தை நினைப்போர் மிகச் சிலரே. அவ்விழையத்தின் பணியை அறிவதற்குத் தொடையைப் போல் ஏற்ற இடம் வேறில்லை.

தொடையின் தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் நீக்கினால், வெண்ணிறமான உறையொன்று தசைகள் அனைத்தையும் காலுறைபோல் இறுகச் சூழ்ந்திருப்பதைக் காணலாம். உடற்கூற்று நூலார் இதனை இலத்தீன் மொழியில் 'ஃபாஷியா லாட்டா', அதாவது 'அகன்ற பட்டை' என்பர். கொலாஜன் என்னும் புரத நார்கள் செறிந்து அமைந்த இவ்வுறை, மேலே இடுப்பெலும்பின் விளிம்பையும், கீழே முழங்காலைச் சூழ்ந்த எலும்புகளையும் பற்றி நிற்கின்றது.

உறையிலிருந்து உள்நோக்கிச் செல்லும் தடுப்புகள் தொடையெலும்பைப் பற்றி, தொடையை மூன்று அறைகளாக வகுக்கின்றன. முன்னறைத் தசைகள் முழங்காலை நீட்டுவன. பின்னறைத் தசைகள் அதனை மடக்குவன. உள்ளறைத் தசைகள் ஒரு காலை மற்றைக் காலின் பக்கம் இழுப்பன.

தசை சுருங்கும்போது பருக்கின்றது. உறையோ எளிதில் விரிந்து இடங்கொடாது. ஆகவே அவ்வழுத்தம் உள்ளேயுள்ள நாளங்களை நெருக்கிக் குருதியை இதயத்தை நோக்கி ஏற்றுகின்றது. ஏறிய குருதி கீழிறங்காதவாறு நாளங்களின் வால்வுகள் தடுக்கின்றன. நெடுநேரம் அசையாது நிற்பவரின் கால் வீங்குவதற்கும், சிறிது நடந்தால் ஆறுதல் உண்டாவதற்கும் இதுவே ஒரு காரணமாகும்.

தொடையின் வெளிப்புறத்தில் இவ்வுறை தடித்து, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை நீண்ட பட்டையாகின்றது. பிட்டத்தின் பெருந்தசையின் பெரும்பகுதியும், இடுப்பின் முன்பக்கத்துச் சிறுதசை ஒன்றும் இப்பட்டையிலேயே முடிகின்றன. ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பும் முழங்காலும் தளராதிருக்க இது உதவுகின்றது. சிம்பன்சிக் குரங்குக்கு இத்தகைய தனிப்பட்டை இல்லை. ஓடும்போது இது வில்லைப்போல் ஆற்றலைச் சேமித்து மீள அளிக்கின்றது என 2015 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அளவுக்கு மிஞ்சி ஓடுவோர்க்கு முழங்காலின் வெளிப்புறத்தில் தோன்றும் வலியும் இப்பட்டையைச் சார்ந்ததே.

இவ்வுறை அறுவை மருத்துவர்க்கும் பயன்படுகின்றது. இதிலிருந்து வெட்டியெடுத்த நாடாவைக் கொண்டு, தசை வலுவிழந்து தாழ்ந்துபோன கண்ணிமையை உயர்த்திக் கட்டுவர்.

காக்கின்ற உறையே கேடு செய்யும் வேளையும் உண்டு. வீதி விபத்திலோ இடிபாட்டிலோ கால் நசுங்கினால், தசை வீங்கும், உறை இடங்கொடாது. அறையினுள் அழுத்தம் மிகுந்து நுண்குழாய்களில் குருதியோட்டம் தடைப்படும். இந்நிலை முழங்காலுக்குக் கீழேதான் பெரும்பாலும் நேர்வது, தொடையில் அரிது. எனினும் தொடையின் தசைத் திரள் பெரிதாதலால் விளைவு கடுமையாகலாம். இலண்டன் குண்டுவீச்சின்போது இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்ட சிலர், பின்னர் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை 1941 இல் பைவோட்டர்ஸ், பீல் என்னும் இருவர் எழுதி வெளியிட்டனர். நசுங்கிய தசையிலிருந்து கசியும் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்குவதே அதன் காரணம் என்பது இன்று தெளிவு.

அறையினுள் அழுத்தம் மிகுந்தபோது மருத்துவர் உறையை நீளக் கீறித் திறந்துவிடுவர். சுமார் 6 மணி நேரத்தில் தசைக்கு மீளாச் சேதம் நேரலாமாதலால் காலந்தாழ்த்தல் ஆகாது. அடிபட்ட கால் கல்போல் இறுகினாலோ, காயத்தின் அளவுக்கு மிஞ்சி வலித்தாலோ, கால்விரலையோ முழங்காலையோ பிறர் அசைக்கும்போது தாங்கொணா நோவு எழுந்தாலோ, எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டுப் பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் பெருந்தவறு. பாதத்தில் நாடி துடிக்கின்றதே என்று ஆறுதல் கொள்வதும் தவறு. நாடி துடித்துக்கொண்டிருக்கவே உள்ளே தசை அழிந்துபோதல் கூடும். அத்தகையவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே உற்றார் செய்யத்தக்க உதவியாகும்.